தீர்த்தப் போத்தல்

வவுணதீவு
19.08.2025

ஆர்த்திகாவின் அப்பாவுக்கு,

அன்புள்ள என்று தொடங்க மனம் வரவில்லை. அதனால் அந்தச் சொல்லை விட்டுவிட்டேன்.

போனில் கதைத்திருக்கலாம். ஆனால் நான் எடுக்கிற நேரமெல்லாம் உங்கள் அக்கா தெய்வநாயகி போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டு, முற்றத்தில் இருக்கிற சனம் முழுக்கக் கேட்க வைக்கிறார். போன கிழமை நான் அழுததைக் குருக்கள்மடமே கேட்டிருக்கும். ஆகவே கடிதம். பாறூக் நானா இங்கே நெல் ஏற்றிக்கொண்டு கல்முனைக்குப் போகிறபோது உங்கள் அக்காவின் படலையைத் தாண்டித்தான் லொறி போகிறது. அவர் கையில் கொடுத்துவிடுகிறேன். நீங்களும் அவரிடமே கொடுங்கள்.

வீட்டை விட்டுப் போங்கள் என்று நான் சொல்லவில்லை. லேசருக்குப் போங்கள் என்றுதான் சொன்னேன். வீடு என் சீதன வீடு என்பதால், சண்டை வந்தால் பையைத் தூக்க வேண்டியவர் நீங்கள் ஆகிவிட்டீர்கள். நம் பக்கத்து வழக்கத்தில் பெண்ணுக்கு இருக்கிற ஒரே ஆறுதல் அதுதான். ஆனால் அறுபது வயதில் அக்கா வீட்டுக்கு ஓடிப்போகிற ஆம்பிளையை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

நடந்ததை ஒருமுறை எழுதிவைக்கிறேன், நீங்கள் அங்கே வேறு கதை சொல்லித் திரிகிறீர்களாம். சீனி வருத்தத்தால் இடது கண் முந்தின வருடமே போய்விட்டது. மிச்சம் இருப்பது வலது கண் ஒன்று. ஆனிக் கடைசியில் அந்தக் கண்ணுக்குள் ஊசி போட்டார்கள். ஒரு மாதத்துக்குள் லேசரும் அடிக்க வேண்டும், இரண்டும் சேர்ந்தால்தான் வைத்தியம் என்றார்கள். ஊசி போட்டு இரண்டு கிழமையில் ஆடி அமாவாசை வந்தது. மாமாங்கத்தில் தீர்த்தமாடிவிட்டுத் தலையைத் தூக்கினீர்கள். அக்கரையில் கட்டியிருந்த, உபயகாரரின் பெயர் எழுதிய பனரை எழுத்துக்கூட்டி வாசித்தீர்கள். உங்கள் அக்கா சேற்றில் விழுந்து கும்பிட்டார். எனக்கும் மயிர்க்கூச்செறிந்தது, பொய் சொல்லமாட்டேன். பஸ்ஸில் வரும்போதுதான் ஊசியின் ஞாபகம் வந்தது. அதைச் சொன்னேன். செத்த எலியைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தீர்கள்.

நேற்று உங்கள் கட்டிலுக்குக் கீழே கூட்டினேன். சீனிக்குத் தந்த குளிசைப் பெட்டி விழுங்காமல் அப்படியே கிடக்கிறது. அதற்குப் பின்னால் பூஞ்சணம் பிடித்த தொதல், பாதி கடித்த மோதகம், எறும்பு மொய்த்த சர்க்கரைப் பொங்கல். பிரசாதத்தில் சீனி ஏறாது என்று உங்களுக்கு யார் சொன்னது? வாளியில் அள்ளிக்கொண்டு போய்க் கொட்டும்போது ஓங்காளித்தேன். தொதலுக்காக மட்டும் இல்லை.

அன்னப்பூரணி


குருக்கள்மடம்
27.08.2025

அன்புள்ள பூரணிக்கு,

நீ விட்ட சொல்லை நான் எழுதுகிறேன்.

உன் கடிதத்தைப் பின்னேரம் வேப்பமரத்துக்குக் கீழே இருந்து கண்ணாடி போடாமல் வாசித்தேன். ஓங்காளித்தேன் என்று நீ எழுதிய இடத்தில் ஒரு எழுத்தை வெட்டித் திருத்தியிருக்கிறாய், அதுவும் தெரிந்தது. இதற்கு மேல் உனக்கு என்ன சாட்சி வேண்டும்? தொதல் பாறூக் நானா தந்தது. அன்பாகத் தந்ததை எறிய முடியாமல் வைத்தேன். மோதகத்தைப் பற்றி நான் பேசமாட்டேன், அது எனக்கும் பிள்ளையாருக்கும் இடையில் உள்ள விசயம்.

ஊசி, லேசர் என்று நீ லேசாக எழுதுகிறாய். நீ வெளியே வாங்குப் பலகையில் இருந்து விசிறிக்கொண்டிருந்தவள். உள்ளே இருந்தவன் நான். சொட்டு மருந்து விட்டு, மஞ்சள் தண்ணீரால் கழுவி, இமையைக் கம்பியால் பிளந்து வைத்து, ஊசி வருகிறதை அதே கண்ணால் பார்க்க வைப்பார்கள். ஆடு வெட்டுகிறவன்கூட ஆட்டின் முகத்தைத் திருப்பிப் பிடிப்பான். லேசர் அதைவிட மோசம். நாடியைத் தட்டில் வைத்து நெற்றியைப் பட்டியில் ஒட்டச் சொல்வார்கள். எனக்கு முன்னால் வைத்தவனின் வியர்வை அந்தப் பட்டியில் ஈரமாக இருந்தது. பச்சை வெளிச்சம் மண்டைக்குள் அடித்து அடித்து, நோவு பல்லு வரைக்கும் இறங்கியது. இடது கண்ணை அப்படித்தான் கொடுத்தேன். அது திரும்பி வரவில்லை. அக்கா சொல்வதில் என்ன பிழை இருக்கிறது? லேசர் அடித்த கண் போனது. தீர்த்தம் பட்ட கண் தெரிகிறது.

தீர்த்தம் குத்தவில்லை, சுடவில்லை. சாமி தந்த கண்ணில் இனி யாருடைய நெருப்பும் படாது. இங்கே சனம் என்னை மரியாதையாகப் பார்க்கிறது. நம் வயல் வட்டைக்குள் இத்தனை வருடம் தண்ணீர் பங்கிட்டுக் கொடுத்த விதானை நான். ஒருத்தனாவது எனக்கு ஒரு கும்பிடு போட்டானா? தண்ணீர் போதாது என்று ஏசத்தான் வருவார்கள். வேளாண்மை வெட்டு முடிந்து யாராவது தேடி வந்தால், விதானை வழிபாட்டில் இருக்கிறார் என்று சொல்.

தங்கராசா


வவுணதீவு
08.09.2025

ஆர்த்திகாவின் அப்பாவுக்கு,

விதானை வழிபாட்டில் இருக்கிறார் என்று நான் யாருக்கும் சொல்லவில்லை. விதானைக்கு விசர் பிடித்துவிட்டது என்று சொன்னேன்.

பாறூக் நானா அங்கே கண்டதை எனக்குச் சொன்னார். "தங்கச்சி, மனுசன் கதிரையில குந்திக் கிடக்கார். சனம் வரிசையில நிக்கிது. கையில ஒரு சோடாப் போத்தல். அத்தக் கண்டு எனக்குச் சத்தி வரப் பாத்திச்சு" என்றார். மாமாங்கத்துத் தண்ணீராம். போத்தலுக்குள் பச்சை பிடித்து, அடியில் பாசி அசைகிறதாம். அதில் பூவரசம் இலையைத் தொட்டுச் சனத்தின் கண்ணில் விடுகிறீர்களாம். குழந்தைப் பிள்ளைகளின் கண்ணிலும் விடுகிறீர்களாம்.

குளத்தில் இறங்கிக் கும்பிட்டால் அது தீர்த்தம். ஆறு கிழமை சோடாப் போத்தலில் ஊறினால் அது ஊத்தைத் தண்ணீர். மாமாங்கத்தாரைக் கும்பிட்டு வளர்ந்தவள் நான், இதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது. கிளினிக்குக்குப் போகாதே என்று அவர் யாருக்கும் சொன்னதில்லை. அதைச் சொல்கிறவர் நீங்கள். செட்டிபாளையத்தில் வினோஜனின் அம்மா இருக்கிறாள், தையல்காரி. அவளுக்கும் இதே வருத்தம், இதே கிளினிக், இதே ஊசி. உங்கள் போத்தலைப் பார்த்துவிட்டு லேசர் வேண்டாம் என்று வீட்டோடு நின்றுவிட்டாளாம். கண் போனால் அவள் எதை வைத்துச் சீவிப்பாள்?

லேசர் அடித்த கண் போனதாம். மூன்று தரம் வரச் சொன்னார்கள், நீங்கள் ஒரு தரம் போனீர்கள். அதுவும் உள்ளே இரத்தம் கசியத் தொடங்கிய பிறகு. இதை அக்காவுக்குச் சொன்னீர்களா? என் முற்றத்தில் நின்று அவர் கேட்டது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். "என்ட தம்பிட கண்ணப் பொசுக்கினவள் நீதானேகா" என்று ஊர் கேட்கக் கேட்டார். நீங்கள் பக்கத்தில் நின்று நிலத்தைப் பார்த்தீர்கள். அன்றைக்குத்தான் அந்த வீட்டுப் படலையைத் தாண்டமாட்டேன் என்று சத்தியம் பண்ணினேன்.

கிளினிக் டொக்டர் பிள்ளை நம் இரண்டு பேருக்கும் சொன்னதைத் திரும்ப எழுதுகிறேன். "ஐயா, ஊசி கண்ணுக்குள்ள இருக்கிற வீக்கத்த வத்த வைக்கும். பார்வை தெளியும். ஆனா மருந்து ஒரு மாசம், ஒண்டரை மாசம்தான் நிக்கும். அதுக்குள்ள ஓரத்தில லேசர் அடிச்சாத்தான் கெட்ட நரம்பு திரும்ப முளைக்காது. லேசர் பார்வையக் கூட்டாது, இருக்கிறத்தக் காப்பாத்தும்." அன்றைக்கு பஸ்ஸில் நீங்கள் என்ன சொன்னீர்கள்? ஊசி என்பது வயலுக்குள் ஏறின வெள்ளத்தை வடிய விடுவது, லேசர் என்பது உடைந்த வரம்பைக் கட்டுவது என்றீர்கள். நான் சொல்லவில்லை, நீங்கள் சொன்னது. எத்தனை பேரை வரம்பு கட்டவில்லை என்று ஏசியிருப்பீர்கள்!

கெஞ்சிக் கூத்தாடி 25ஆம் தேதி வியாழனுக்கு வேறு நாள் வாங்கியிருக்கிறேன். நான் கிளினிக் வாசலில் நிற்பேன்.

அன்னப்பூரணி


குருக்கள்மடம்
20.09.2025

பூரணிக்கு,

உன் கடிதம் கிடைத்தது, வாசித்தேன். உன் எழுத்து வரவரச் சிறுத்துக்கொண்டு போகிறது. இனித் தடித்த பேனையால், இடைவெளி விட்டு எழுது. அக்கா வீட்டு பல்ப் மங்கல். காலையில் வெளியே இருந்து வாசிக்கலாம் என்றால் வீதியெல்லாம் புகை மாதிரிப் பனி.

25ஆம் தேதி வரமாட்டேன். அன்றைக்கு இங்கே ஆட்கள் வருகிறார்கள்.

ஆட்கள் என்றதும் எனக்கு இதில் ஆசை என்று நினைக்காதே. வருகிறவர்கள் கேட்காமலே என் இமையைக் கையால் விரித்துப் பார்க்கிறார்கள். வெற்றிலை வாயோடு மூக்குக்குக் கிட்ட வந்து "தெரியுதா, தெரியுதா" என்று கேட்கிறார்கள். எச்சில் கன்னத்தில் தெறிக்கிறது. நேற்று ஒருத்தன் பேப்பரை நீட்டி வாசிக்கச் சொன்னான். இது மந்திரம் சொல்கிற நேரம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அக்கா இரவிலும் பாயாசம் தருகிறார். வேண்டாம் என்றால் "சாமி வந்த உடம்புடா, ஒண்டும் செய்யாது" என்று ஊட்டிவிடப் பார்க்கிறார். சிலநேரம் எனக்கே குமட்டுகிறது.

வினோஜனின் அம்மாவை நான் கூப்பிடவில்லை. அவளாகத்தான் வந்தாள்.

தங்கராசா


வவுணதீவு
28.09.2025

ஆர்த்திகாவின் அப்பாவுக்கு,

தடித்த பேனை வாங்கினேன். நீங்கள் கேட்ட மாதிரிப் பெரிய எழுத்தில் எழுதுகிறேன்.

வியாழக்கிழமை நான் போனேன். உங்கள் கிளினிக் அட்டையை மடியில் வைத்துக்கொண்டு இருந்து, உங்கள் பெயரைக் கூப்பிட்டபோது நான் எழும்பினேன். டொக்டர் பிள்ளை என்னைப் பார்த்தார், எனக்குப் பின்னால் பார்த்தார். "அம்மா, ஊசிய மட்டும் போட்டுட்டு விட்டுட்டுப் போறது, ஒண்டும் செய்யாம விட்டதவிடச் சிலநேரம் கூடாது. ஒரேயடியா இரத்தம் கொட்டும்" என்றார். நான் என்ன சொல்ல? என் புருசன் குருக்கள்மடத்தில் சாமியாராகிவிட்டார் என்று சொல்லவா?

பனி என்று எழுதியிருந்தீர்கள். புரட்டாதி மாதத்தில் மட்டக்களப்பில் பனியா? வெயிலில் வாவித் தண்ணீர் கொதிக்கிறது. பாறூக் நானாவிடம் கேட்டேன், பனியை அவர் காணவில்லையாம். நீங்கள் காண்கிற பனி எங்கே இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இனி நான் சொல்லப்போவது சண்டை இல்லை. ஆர்த்திகா முழுகாமல் இருக்கிறாள். கலியாணம் முடித்து நாலு வருடம் கோயில் கோயிலாக ஏறி இறங்கிய பிள்ளை. மூன்றாம் மாதம் தொடங்குகிறது. மருமகன் நிதுர்ஷன் தரையில் நிற்கிறான் இல்லை. "அப்பாவுக்கு முதல்ல சொல்லுங்கம்மா, போனில வேணாம், அந்த மாமி எல்லாருக்கும் ஒலிபரப்புவா" என்றாள் பிள்ளை. சொல்லிவிட்டேன். இதற்காவது நல்ல ஒரு சொல் எழுதுங்கள்.

அன்னப்பூரணி


குருக்கள்மடம்
10.10.2025

பூரணிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எழுதியதெல்லாம் வாசித்தேன், விளங்கியது. நீ எப்போதும் எழுதுகிறதைத்தான் எழுதியிருக்கிறாய். என் முடிவில் மாற்றம் இல்லை.

பெரும்போகம் வருகிறது. விதைநெல் மூட்டைகளை நிலத்தில் விடாதே, ஈரம் ஏறும். ஆர்த்திகாவையும் பிடிக்கச் சொல்லி எல்லாவற்றையும் தூக்கி மேலே அடுக்கு. அவள் சும்மாதானே இருக்கிறாள்.

இங்கே எல்லாம் நல்லபடி நடக்கிறது. கண் நன்றாகத் தெரிகிறது.

தங்கராசா


குருக்கள்மடம்
26.10.2025

அன்புள்ள பூரணிக்கு,

பாறூக் நானா உன் கடிதத்தைத் தந்தார். ஒரு பக்கத்தோடு முடித்திருக்கிறாய். அதுவும் நல்லது. உன் கோபம் தணிந்திருப்பது எழுத்திலேயே தெரிகிறது. இப்படி அமைதியாக நீ எனக்கு எழுதி எவ்வளவு காலம்!

நீ கேட்டதற்கெல்லாம் உடனே மறுமொழி சொல்ல முடியாது. யோசித்துச் சொல்கிறேன். ஆனால் கடைசியில் நீ எழுதிய வரியை இரண்டு முறை வாசித்தேன். கண் கலங்கியது. கட்டின பெண்சாதியைவிட ஒரு மனிதனை அறிந்தவர்கள் யார்?

தங்கராசா


வவுணதீவு
01.11.2025

ஆர்த்திகாவின் அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தை நீங்கள் வாசிக்கப்போவதில்லை. அது எனக்குத் தெரியும். அதனால் பாறூக் நானாவிடம் சொல்லியிருக்கிறேன். அவர் உங்களை லொறிக்குள் ஏற்றி, கண்ணாடியை உயர்த்திவிட்டு, சத்தமாக வாசிப்பார். நான் ஏசுகிற இடங்களையும் விடாமல் வாசியுங்கள் நானா.

போன தடவை நான் அனுப்பியது கடிதம் இல்லை. கரண்ட் பில். உறைக்குள் மடித்து வைத்து ஒட்டினேன். நீங்கள் இரண்டு முறை வாசித்துக் கண் கலங்கிய கடைசி வரி, குறித்த நாளுக்குள் கட்டாவிட்டால் மின்சாரம் துண்டிக்கப்படும் என்பது.

அந்த மறுமொழியை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு கிணற்றடிக்குப் போய்ச் சத்தி எடுத்தேன். கோபம் தணிந்தது எழுத்தில் தெரிகிறதாம்! முப்பத்தைந்து வருடம் ஒரே சோற்றுக் கோப்பையில் தின்ற மனிதனுக்கு இவ்வளவு அழகாகப் பொய் எழுத வரும் என்று நான் நினைக்கவில்லை.

ஏன் பில் அனுப்பினேன் என்று கேளுங்கள். புரட்டாதிக் கடிதத்தில் நம் மகள் முழுகாமல் இருக்கிறாள் என்று எழுதினேன். நாலு வருடத்துக்குப் பிறகு. நீங்கள் அதற்கு ஒரு சொல் எழுதவில்லை. அவளை நெல்மூட்டை தூக்கச் சொல்லி எழுதினீர்கள். முதலில் அந்தக் கடிதத்தை அடுப்புக்குள் வைக்கப் போனேன். பிறகு நினைத்தேன். இந்த மனிதன் கெட்டவர்தான், ஆனால் அந்த அளவுக்குக் கெட்டவர் இல்லை. அப்போதுதான் உங்கள் எழுத்தை உற்றுப் பார்த்தேன். ஒரு வரிக்கு மேல் இன்னொரு வரி ஏறிக் கிடந்தது.

மகளின் நல்ல செய்தியை வாசித்துக் காட்ட ஒரு ஆளைக் கூப்பிட முடியாமல் அந்த வீட்டில் நடித்துக்கொண்டிருந்திருக்கிறீர்கள். கூப்பிட்டால் சாமியின் கண் குருடு என்று தெரிந்துவிடும். அடுத்தவர்களின் கண்ணில் பாசித் தண்ணீர் விட்டுக்கொண்டு, உங்களுக்கு எதிரில் நிற்கிற முகம் தெரியாமல் எப்படி ஐயா ஒவ்வொரு நாளும் அந்தக் கதிரையில் போய் இருந்தீர்கள்? நினைக்க நினைக்க அருவருப்பாக இருக்கிறது. உங்கள் கையை நான் பிடிக்கமாட்டேன்.

ஆனால் குருடனை நான் வைத்துப் பார்க்கமாட்டேன் என்று நினைக்காதீர்கள். பார்ப்பேன். பொய்க்காரனைத்தான் பார்க்கமாட்டேன்.

ஆறாம் தேதி வியாழன், கிளினிக் நாள். விடிய பாறூக் நானா லொறியைக் கொண்டுவருவார். உங்கள் அக்கா வீட்டுப் படலையை நான் தாண்டமாட்டேன். குருக்கள்மடத்துச் சந்தியில் நிற்பேன். வருவதென்றால் அந்தச் சந்திவரைக்கும் நீங்களாக வாருங்கள்.

அன்னப்பூரணி


குருக்கள்மடம்
16.11.2025

பூரணிக்கு,

எழுத்துப் பெரிதாக இருக்கும், வரி கோணும். பொறுத்துக்கொள்.

பாறூக் நானா உன் ஏச்சு ஒன்றையும் விடவில்லை. பொய்க்காரன் என்ற இடத்தில் குரலைக் கொஞ்சம் கூட்டினார் என்றுகூட நினைக்கிறேன். மகளின் இடம் வந்தபோது "அல்லாஹ்!" என்று நிறுத்திவிட்டார். பிறகு தொதலை இனி எனக்குத் தரமாட்டேன் என்றார்.

சந்தியில் நீ என் கையைப் பிடிக்கவில்லை. குடையின் நுனியை நீட்டினாய். அதைப் பிடித்துக்கொண்டு வந்தேன். அதுகூட நீட்டியிருக்கத் தேவையில்லை.

டொக்டர் பிள்ளை சொன்னது உனக்குத் தெரியும். உள்ளே கொஞ்சம் இரத்தம் கசிந்திருக்கிறது, வீக்கம் திரும்பிவிட்டது, போனதெல்லாம் வரும் என்று சொல்ல முடியாது. அன்றைக்கு ஊசி, இரண்டு கிழமையில் லேசர். ஊசி போட்ட பிறகு நான் ஏன் திரும்ப இங்கே வந்தேன் என்று கேட்டாய். போத்தல் இங்கே இருந்தது. அதை விட்டுவர அப்போது மனம் வரவில்லை.

இனி எழுதப்போவதைப் பாறூக் நானாவுக்கும் சொல்லாதே. ஊசி போட்டு நாலைந்து நாள் இருக்கும். அக்காவின் கக்கூசில் குந்தியிருந்தேன். நாற்றம், கொசு, ஈரத் தும்புத்தடி. எதிரில் சுவரோடு ஒரு நீலப் போத்தல் இருந்தது, கக்கூஸ் கழுவுகிற மருந்து. சும்மா பார்த்துக்கொண்டிருந்தவன் அதில் இருந்த பெரிய எழுத்தை வாசித்துவிட்டேன். மாமாங்கத்தில் பனரை வாசித்த மாதிரியே, எழுத்துக்கூட்டி. இந்தத் தடவை அமாவாசை இல்லை, குளம் இல்லை, மேளம் இல்லை. எழும்பாமல் அப்படியே இருந்தேன். அடுத்த நாளும் போய்ப் பார்த்தேன். கீழே இருந்த சின்ன எழுத்தும் தெரிந்தது. கண்களில் படவிட வேண்டாம் என்று எழுதியிருந்தது.

கக்கூஸ் தண்ணிக்குக்கூட அப்படி ஒரு அறிவு இருக்கிறது, பூரணி. நான் எத்தனை பேரின் கண்ணில் விட்டேன்!

தீர்த்தத்தைப் பூவரச மரத்தடியில் ஊற்றினேன். ஊத்தை மணம் மணத்தது. இத்தனை நாள் அது எனக்கு மணக்கவில்லை. அக்கா ஓடிவந்து தலையில் அடித்துக்கொண்டார். கண் போயிருந்ததையும் ஊசியால் திரும்பத் தெரிவதையும் சொன்னேன். "பாத்தியாடா, சாமி உன்னக் கைவிடல்ல" என்கிறார். அவருக்கு இனி நான் விளங்கப்படுத்தப் போவதில்லை.

வினோஜனின் அம்மாவிடம் நேரில் போனேன். தையல் மெசினுக்கு மேலே துணி மூடிக் கிடந்தது. ஊசியில் நூல் கோக்க முடியவில்லையாம், ஒரு மாதமாக. எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஏசவில்லை. "ஐயா, உங்களுக்குக் கண் தெரியாம இருந்த நேரத்திலயும் தெரியுது எண்டுதானே என்னட்டச் சொன்னீங்க" என்று மட்டும் கேட்டாள். பிறகு முற்றத்தில் காறித் துப்பினாள். என் மேல் இல்லை, எனக்குப் பக்கத்தில். 20ஆம் தேதி அவளும் நம்மோடு லொறியில் வருகிறாள். என்னோடு கதைக்கமாட்டாள், அது அவள் போட்ட நிபந்தனை.

லேசருக்குப் பயமாகத்தான் இருக்கிறது. பட்டியில் யாருடைய வியர்வை இருந்தாலும் நெற்றியை ஒட்டுவேன். ஆர்த்திகாவின் பிள்ளையின் முகத்தை யாரும் எனக்குச் சொல்லிக் காட்டக்கூடாது.

லேசர் முடிந்து எங்கே போவது என்று நீ சொல்ல வேண்டும்.

தங்கராசா


வவுணதீவு
18.11.2025

ஆர்த்திகாவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் பிள்ளைக்கு வாசித்துக் காட்டினேன், கக்கூஸ் பகுதியை விட்டுவிட்டு. அவள் அழுதாள். நான் அழவில்லை. வினோஜனின் அம்மா துப்பியது சரி. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் பக்கத்தில் துப்பியிருக்கமாட்டேன்.

எனக்கு இன்னும் உங்கள் மேல் அருவருப்புத் தீரவில்லை. எப்போது தீரும் என்றும் தெரியாது. கண்ணுக்கு இருக்கிற மாதிரி இதற்கும் ஒரு ஊசி இருந்தால் போட்டுக்கொள்வேன். அந்தக் கதிரையில் நீங்கள் இருந்ததை நான் காணவில்லை, ஆனால் சோற்றில் கை வைக்கிற நேரமெல்லாம் அது கண்ணுக்குள் வருகிறது.

லேசர் முடிந்து இங்கே வாருங்கள். சீதன வீட்டில் இடம் கேட்டு எழுதிய முதல் ஆம்பிளை நீங்கள்தான், அதற்காகவாவது தருகிறேன். விறாந்தையில் கட்டில் போட்டிருக்கிறேன். குளிசை என் கையில் இருக்கும். பிரசாதம் வந்தால் நெற்றிக்கு மட்டும். மாமாங்கத்தாருக்கு நான் பொங்கல் வைப்பேன், நீங்கள் அந்தப் பக்கம் வாய் திறக்கக்கூடாது. இன்னும் இரண்டு தரம் லேசர் இருக்கிறது, இடையில் ஊசியும் வரலாம் என்று டொக்டர் பிள்ளை சொல்லியிருக்கிறார். ஒன்றையும் தவறவிட விடமாட்டேன். வட்டையில் விதைப்பு முடியப்போகிறது. கீழ்வாய்க்கால்காரர்கள் தண்ணீர் வரவில்லை என்று வந்து ஏசிவிட்டுப் போனார்கள். போய் வாங்கிக் கட்டிக்கொள்ளுங்கள். கும்பிடு வாங்கினதை விட அது நல்லது.

வியாழன் விடிய அதே சந்தியில் நிற்கிறேன். குடையோடுதான் நிற்கிறேன், மழைக்காலம்.

தடித்த பேனையைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டேன். இதை என் பழைய எழுத்தில், சின்னதாகவே எழுதியிருக்கிறேன். வாசித்துப் பாருங்கள். வாசிக்க முடியாவிட்டால், முடியவில்லை என்று எழுதுங்கள்.

அன்புள்ள,
பூரணி